ஐந்து வீட்டுக்கு ஒரு கிண்ணம்

ஃபுசாயே சமைத்த சோற்றை அவள் கணவன் தொகுஜி உட்கார்ந்து சாப்பிட்டது மொத்தம் அறுபத்தெட்டு நாள். இரண்டேகால் வருடக் கல்யாண வாழ்க்கையில் மற்ற நாளெல்லாம் அவன் கடலில் இருந்தான். அதிலும் கடலுக்கு அடியில். அறுபத்தெட்டு என்ற கணக்கு அவளுடையது. யாரும் கேட்காமலே சொல்வாள்.

குரே துறைமுகத்துக்கு மேலே, ஒருவர் கூரையும் அடுத்தவர் வாசலும் ஒரே மட்டத்தில் இருக்கும் மலைச்சரிவுத் தெருவில் அவர்கள் குடியிருந்தார்கள். ஃபுசாயேயின் தகப்பன் கப்பல் பட்டறையில் தகடுகளுக்கு ஆணி அறைந்தே காது செவிடானவர். அதனால் இரும்பு மிதக்கும் என்பது அவளுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். மூழ்கிய இரும்பு திரும்ப மேலே வரும் என்பதைத்தான் கல்யாணத்துக்குப் பிறகு நம்பிப் பழக வேண்டியிருந்தது.

தொகுஜி நீர்மூழ்கிக் கப்பலில் இஞ்சின் அறைக்காரன். அந்தக் கப்பல்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். எண்ணையும் வீட்டில் சொல்லக்கூடாது என்று கட்டளை. பெண்கள் 'படகு' என்றார்கள். அந்தத் தெருவில் ஐந்து வீட்டு ஆண்கள் ஒரே படகில் இருந்தார்கள்.

1944 ஜனவரி ஆறாம் தேதி படகு கிளம்பியது. எங்கே என்று யாருக்கும் தெரியாது.

வெளியே போனவனுக்கு வீட்டில் நிழல் சோறு வைப்பது வழக்கம். படையல் அல்ல. படையல் செத்தவர்களுக்கு. இது உயிரோடு தூரத்தில் இருப்பவனுக்கு. அவன் உட்காரும் இடத்தில் அவன் கிண்ணம், அவன் சாப்பிடும் குச்சிகள், ஒரு வேளைச் சோறு. இங்கே வைத்தால் அங்கே அவன் பட்டினி கிடக்க மாட்டான். வீட்டார் சாப்பிட்டு முடித்ததும் கிண்ணத்தின் மூடியைத் தூக்கிப் பார்ப்பார்கள். உள்பக்கம் வேர்த்திருந்தால் ஆள் சுகம். காய்ந்திருந்தால் என்ன என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அரிசி அப்போது பங்கீட்டில்தான். அதிலும் பாதி பார்லி, மீதியைச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு போட்டு நிரப்ப வேண்டும். ஆளுக்கொரு கிண்ணம் வெள்ளைச் சோறு எந்த வீட்டிலும் முடியாத காரியம். யோசனை சொன்னது ஃபுசாயேதான்.

"அஞ்சு பேருக்கும் ஒரே படகு. ஒருத்தருக்கு ஆனதுதான் எல்லாருக்கும். அஞ்சு கிண்ணம் எதுக்கு? ஆளுக்கு ஒரு பிடி அரிசி கொண்டாங்க. என் வீட்டுல வைக்கறேன்."

மேல் வீட்டுத் தாமாயே எல்லாரையும்விட மூத்தவள், வாய்க்காரி. "அப்ப எம் புருஷன் உம் புருஷன் வயித்துலயாடி சாப்பிடணும்?" என்றாள்.

"அவருக்கு வயிறு பெருசுதான் அக்கா. இடம் இருக்கும்."

தெருவே சிரித்தது. பெரிய போர்க்கப்பலில் போனவன் பெண்டாட்டி இப்படி யோசித்திருக்க மாட்டாள். அங்கே ஆயிரம் பேர் மூழ்கினால் பத்துப் பேராவது நீந்தி வருவார்கள். நீர்மூழ்கியில் வந்தால் எல்லாரும், போனால் எல்லாரும். ஒரு கிண்ணம் போதும் என்பதில் தப்பே இல்லை.

தினமும் காலையில் முதல் ஆளாக வருபவள் இத்சுகோ. பத்தொன்பது வயது, படகின் தந்திக்காரன் மனைவி, கல்யாணமாகி ஐந்து மாதம். வாசலிலிருந்தே கேட்பாள்.

"அக்கா, வேர்த்திருக்கா?"

"வேர்த்து ஊத்துது. உள்ள வந்து பாரு."

பார்த்தபின்தான் போவாள். கிண்ணத்துச் சோற்றை அன்றைய முறைக்கு எந்த வீட்டுக் குழந்தையோ அது தின்னும். தூரத்தில் இருப்பவனின் சோறு குழந்தைக்கு நல்லது என்பார்கள்.

பிப்ரவரி தொடக்கத்தில் கடற்படை அலுவலகத்திலிருந்து சொல்லியனுப்பினார்கள்: படகுக்குக் கடிதம் போகும், இருபதாம் தேதி ஒருநாள்தான் வாங்குவோம், வீட்டுக்கு ஒரு உறை. இத்சுகோ முதல் நாளே எழுதி இடுப்புப் பட்டியில் செருகிக்கொண்டாள்.

"அப்படி என்னடி ரகசியம்?" என்றாள் ஃபுசாயே.

"அவருக்கு மட்டும்தான் சொல்வேன்."

"எழுத்துப் பரிசோதனை பண்றவன் மொதல்ல படிச்சிடுவான்."

"படிச்சுட்டுப் போகட்டும். அவனுக்கும் சந்தோஷமா இருக்கும்."

பதினான்காம் தேதி ஃபுசாயேயின் பதினோரு மாதக் குழந்தை மோரியோவுக்கு மணல்வாரி அம்மை கண்டது. காய்ச்சலில் உடம்பு அடுப்பு மாதிரி கொதித்தது. பதினாறாம் தேதி வீட்டின் உண்மையான அடுப்பில் கரி தீர்ந்தது. அடுத்த பங்கு எப்போது வரும் என்று தெரியவில்லை. மாலையில் ஃபுசாயே தாமாயே வீட்டு நெருப்பில் ஒருதரம் பொங்கி எடுத்து வந்து, மறுநாள் காலை அதையே கிண்ணத்தில் வைத்தாள்.

பதினேழாம் தேதி காலை மூடி காய்ந்திருந்தது. பதினெட்டாம் தேதியும். பத்தொன்பதாம் தேதியும்.

ஐந்து பெண்களும் அவள் வீட்டில் உட்கார்ந்தார்கள். மூடி நடுவில் மல்லாந்து கிடந்தது. எல்லாரும் ஒருதரம் விரலால் தடவிப் பார்த்தார்கள்.

"சோறு ஆறியிருந்துச்சாடி?" என்று கேட்டாள் தாமாயே.

"ஆறின சோறு முன்னயும் வச்சிருக்கேன். அப்ப வேர்த்துச்சு."

"நெசமாவா?"

"நான் பொய் சொல்றேனா அக்கா?"

ஃபுசாயே எழுந்துபோய்க் கிண்ணத்தைக் கழுவி, துடைத்து, கவிழ்த்து வைத்தாள். அதன்பிறகுதான் மற்றவர்கள் அழுதார்கள்.

இத்சுகோ மட்டும் போகாமல் நின்றாள். "அக்கா, நாளைக்குக் கடுதாசி குடுக்கற நாளு."

"யாருக்குடி குடுக்கப்போறே?"

இருபதாம் தேதி அந்தத் தெருவிலிருந்து யாரும் கடற்படை அலுவலகத்துக்குப் போகவில்லை. மோரியோவுக்குக் காய்ச்சல் இறங்கியது. ஃபுசாயே ஒரு பகல், ஓர் இரவு முழுக்கத் தூங்கினாள்.

அரசாங்கத்தின் அறிவிப்பு அந்த ஆண்டு டிசம்பரில் வந்தது. தென்கடலில், மே இருபதாம் தேதி, படகிலிருந்த தொண்ணூற்று நான்கு பேரும். கூடவே வீட்டுக்கொரு வெள்ளை அஸ்திப் பெட்டி. உள்ளே பெயர் எழுதிய ஒரு காகிதத் துண்டு, வேறொன்றும் இல்லை. கோயில் குருவிடம் ஃபுசாயே பிப்ரவரி பதினேழு என்றுதான் திவச நாள் கொடுத்தாள். "அவங்களுக்கு மே மாசம்தான் தெரிஞ்சிருக்கு" என்றாள். மற்ற நாலு வீட்டாரும் அதே நாளைக் கொடுத்தார்கள்.

அடுத்த ஆண்டு ஜூலையில் குண்டுவீச்சில் தெரு எரிந்தது. தாமாயே அதில் போனாள். இரண்டு பேர் பிறந்த ஊருக்குத் திரும்பினார்கள். இத்சுகோ கைக்குழந்தையோடு எதிர்த் தீவுக்குப் போய், பிறகு அங்கேயே சிப்பி வளர்க்கும் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். ஃபுசாயே சரிவிலேயே தகரம் வேய்ந்து தங்கினாள்.

போர் முடிந்ததும் துறைமுகத்தில் ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் வந்து இறங்கினார்கள். அவர்கள் சட்டைகளை ஆறு வருடம் துவைத்தாள். அவர்கள் போனபின், எண்ணெய்க் கப்பல் கட்டத் தொடங்கிய பட்டறையில் இரும்புத் தூள் கூட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் தகப்பன் செவிடான அதே கொட்டகை. வருடம் ஒருதரம், பிப்ரவரி பதினேழில், விடுப்புக் கேட்பாள். வேறு எதற்கும் கேட்டதில்லை.

மோரியோ கடிகாரத்தைப் பிரித்துப்போடும் ரகம். எதைக் கேட்டாலும் எண்ணாகச் சொல்வான். 1958இல், பதினான்கு வயதில், திவசச் சாப்பாட்டின்போது அம்மா மூடிக் கதையை வழக்கம்போலச் சொன்னாள். அன்றுதான் அவன் குறுக்கே பேசினான்.

"சோறு ஆறியிருந்தா மூடி எப்படிம்மா வேர்க்கும்? ஆவி வந்தாத்தானே துளி நிக்கும்?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "எவ்வளவு சூடு இருக்கணும்?"

"பிப்ரவரி குளிர்ல வீட்டுக்குள்ள நாலு டிகிரி, அஞ்சு டிகிரி இருக்கும். சோறு நாப்பது இருந்தாலே போதும். ராத்திரி முழுக்க வச்ச சோறும் அஞ்சு டிகிரிதான். அது எப்பவும் வேர்க்காது. யார் செத்தாலும் பொழைச்சாலும்."

பாடத்தில் படித்ததைச் சரியாகச் சொன்ன பெருமை அவன் முகத்தில் இருந்தது. ஃபுசாயே அவனுக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டாள். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரிய வேண்டியிருந்தது: பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி, தான் கிண்ணத்தைக் கவிழ்த்த நேரத்தில், அவர் உயிரோடு இருந்தாரா? கேட்க ஆள் இல்லை. இல்லாதவரை நிம்மதி என்றும் சொல்லலாம்.

1971 செப்டம்பரில் ஆள் வந்தார்.

குரேயின் மேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் கடற்படைக் கப்பல்களுக்கெல்லாம் கல் உண்டு. ஆண்டுக்கொருமுறை கூடுவார்கள். படகின் கல்லுக்கு முன்னால் பாய் விரித்து, பூ வைத்து, பெயர்களைப் படித்து, கொண்டுவந்த சாப்பாட்டைச் சாப்பிடுவார்கள். ஃபுசாயே மகனோடு வந்திருந்தாள். மோரியோவுக்கு இருபத்தெட்டு வயது. பட்டறையின் வரைபட அறையில் கப்பலின் உடல் பலத்தைக் கணக்குப் பார்ப்பது அவன் வேலை. பக்கத்துப் பாயில் தீவிலிருந்து வந்த இத்சுகோ.

அன்று புதிதாக ஒருவர் வந்திருந்தார். காகுதானி, படகின் சமையல்காரர். இருபத்தேழு வருடம் தலைகாட்டாதவர்.

"எல்லாரும் போனாங்க. நான் மட்டும் குடல்வால் புண்ணியத்துல உக்காந்திருக்கேன்" என்றார். "பினாங்குல இறக்கிவிட்டாங்க. ஆஸ்பத்திரியில வயித்தைக் கிழிச்சப்ப என்னைத் திட்டாதவன் இல்ல. இனிமே யாருடா கஞ்சி காய்ச்சறதுன்னு."

"எந்தத் தேதி?" என்று கேட்டான் மோரியோ.

"வயித்தைக் கிழிச்சதா? மார்ச் பதினாலு. துறைமுகத்துக்குள்ள வந்தது பதினொண்ணு."

"பிப்ரவரி இல்லையா?"

"மார்ச்சுதான் தம்பி. தழும்பைக் காட்டவா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஃபுசாயே மகனின் முழங்கால்மேல் கையை வைத்து அழுத்தினாள். அவன் கவனிக்கவில்லை.

"படகு மறுபடி கிளம்பினது?"

"இருபதாந் தேதி. ஜன்னல் வழியாப் பார்த்தேன். அப்புறம் யாரும் பார்க்கல."

"எங்கப்பா தொகுஜி. இஞ்சின் ரூம். அப்ப எப்படி இருந்தார்?"

"ஓ, தொகுஜி பையனா நீ!" காகுதானி முழங்காலில் நகர்ந்து கிட்டே வந்தார். "நல்லா இருந்தார். நல்லாத்தான் இருந்தார். ஊர்லேந்து கடுதாசி மூட்டை வந்துச்சு. எல்லாருக்கும் ஆளுக்கொண்ணு. மலைத்தெருக்காரங்க அஞ்சு பேருக்கு மட்டும் ஒண்ணும் இல்ல. மூட்டையைக் கவுத்து உதறிப் பார்த்தாங்க. உங்கப்பாதான் சிரிச்சுக்கிட்டே சொன்னார், 'நம்ம தெருப் பொம்பளைங்க எல்லாம் கூடிப் பேசி நம்மள விட்டுட்டாளுங்கடா'ன்னு. அன்னிக்கெல்லாம் அதே பேச்சு. விழுந்து விழுந்து சிரிச்சோம்."

அவர் சிரித்தார். தனக்கு மட்டும் சிரிப்பு வருகிறது என்று தாமதமாகத்தான் கண்டார்.

"அப்புறம்?" என்றான் மோரியோ. அவனுக்கு நிறுத்தத் தெரியவில்லை.

"அப்புறம் ரெண்டு நாள் கழிச்சுப் பேச்சு நின்னுபோச்சு. கீழத்தெருப் பையன் ஒருத்தன் கடுதாசியை வாங்கி, ஊர்ல பனி பெய்யுதாங்கற எடத்தை மட்டும் உங்கப்பா படிச்சார். தந்திக்காரப் பையன் அதையும் வாங்கிப் படிக்கல. வீட்டுல ஏதோ ஆயிடுச்சுன்னே நினைச்சுக்கிட்டான்."

இத்சுகோ சாப்பாட்டுத் துணியை மடித்து முடிச்சுப் போட்டாள். "அக்கா, எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள். தீவுக்குப் பாலம் வழியாக இருபது நிமிடத்துக்கொரு பஸ் உண்டு.

ஃபுசாயே மூன்று மாதம் அதைப்பற்றிப் பேசவில்லை. மோரியோ ஒருமுறை, "நான் கேட்டிருக்கக் கூடாது" என்றான். "கேட்கவேண்டியதுதான்" என்றாள். டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "இத்சுகோ வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போ" என்றாள்.

இத்சுகோ கடலோரச் சிப்பிக் கொட்டகையில் இருந்தாள். கால்மாட்டில் ஓடு மலையாகக் குவிந்திருந்தது. குட்டைக் கத்தியை ஓட்டின் இடுக்கில் விட்டுத் திருகி, சதையைத் தொட்டியில் போட்டபடியே நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்தில் அவள் மகள் மசுமி, இருபத்தேழு வயது, அதே வேலை.

"உக்காருங்க அக்கா. கையை நிறுத்த முடியாது. கூலி எடைக்குத்தான்." பிறகு மகளிடம், "மசுமி, போய் ஆரஞ்சு வாங்கிக்கிட்டு வா."

"வீட்டுல இருக்கேம்மா."

"அது புளிக்குது. வேற வாங்கிக்கிட்டு வா."

மசுமி போனதும் ஃபுசாயே ஈரத்தரையில் மண்டியிட்டு நெற்றி படக் குனிந்தாள்.

"எழுந்திரிங்க. ஓடு கையைக் கிழிக்கும்."

"அன்னிக்கு சோறு ஆறித்தான் இருந்துச்சு" என்றாள் ஃபுசாயே, எழாமலே. "ஆறின சோத்துக்கும் முன்ன வேர்த்துச்சுன்னு சொன்னேன்ல, அப்படி ஞாபகம் இருந்த மாதிரி இருந்துச்சு. மூணு ராத்திரி கண்ணே மூடல. எப்படியாவது முடிஞ்சா போதும்னு ஆயிடுச்சு இத்சுகோ. அவர் செத்துட்டார்னா நான் படுத்துக்கலாம்னு இருந்துச்சு."

கத்தி ஒருமுறை நின்றது. மறுபடி ஓடியது.

"என் கடுதாசியில நாலே வரிதான்" என்றாள் இத்சுகோ. "உண்டாயிருக்கேன், பொண்ணா இருந்தா என்ன பேரு வைக்கணும்னு கேட்டிருந்தேன். பதில் வந்து சேந்திருக்காது. அது எனக்கும் தெரியும். ஆனா அவருக்குத் தெரிஞ்சிருக்கும்."

"என்னை என்ன செய்யச் சொல்றே?"

"ஒண்ணும் வேண்டாம். இனிமே வராதீங்க. 'உன்னைப் பத்தித் தெரிஞ்சு சந்தோஷப்பட்டுத்தான் உங்கப்பா போனார்'னு சொல்லி மசுமியை வளர்த்திருக்கேன். பேரு அவர் வச்சதுன்னும் சொல்லியிருக்கேன். அது அப்படியே இருக்கட்டும்."

மோரியோ கொட்டகை வாசலில் நின்று சிப்பிக் கயிறுகளின் இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தான். காதில் விழாமல் இருந்திருக்காது.

மசுமி திரும்பி வந்து, இரண்டு ஆரஞ்சை ஃபுசாயேயின் கையில் வைத்தாள். "எங்கப்பாகூட இருந்தவர் வீட்டம்மாவா நீங்க? என் பேரை எழுதி அப்பா ஒரு கடுதாசி போட்டாராம். போர்ல தொலைஞ்சுபோச்சாம். உங்க வீட்டுல அவர் எழுத்து ஏதாவது இருக்கா?"

ஃபுசாயே இத்சுகோவைப் பார்த்தாள். இத்சுகோ தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா" என்றாள் ஃபுசாயே. "எல்லாம் எரிஞ்சுபோச்சு."

வழியனுப்ப இத்சுகோ எழுந்திருக்கவில்லை.

பஸ்ஸில் கூட்டம் இல்லை. ஃபுசாயே ஜன்னலோரம் உட்காராமல் உள்பக்கம் உட்கார்ந்தாள். பாலத்துக்கு ஏறும் வளைவில் வண்டி சுற்றிச் சுற்றி மேலே போனபோது கேட்டாள்.

"மோரியோ, படகு அடியில போய் உக்காந்துடுச்சுன்னா, உள்ள இருக்கறவங்களுக்கு எவ்வளவு நேரம் மூச்சு இருக்கும்?"

"அப்படியெல்லாம் உக்காராதும்மா. குண்டு பட்டா அப்பவே முடிஞ்சிடும். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"எல்லாப் படகுமா?"

"பெரும்பாலும்."

"எவ்வளவு நேரம்?"

"ரொம்ப சீக்கிரம்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் முன் இருக்கையின் கைப்பிடியைப் பார்த்தான்.

"நீ எண் சொல்லலேன்னா எண் பெருசுன்னு அர்த்தம்" என்றாள்.

பாலத்தின் உச்சியில் கீழே கடல் தெரிந்தது.

"அவ்வளவு நேரமும் வராத கடுதாசியையே நினைச்சுக்கிட்டுத்தான் இருந்திருப்பார்" என்றாள்.

அதன்பிறகு அவள் பதினேழு வருடம் இருந்தாள். கல்லறைத் தோட்டத்துக்குப் போகவில்லை. பிப்ரவரியில் விடுப்புக் கேட்கவில்லை. மகன் வீட்டிலிருக்கும் நாட்களில் வேளை தவறாமல் சமைத்து அவனுக்கெதிரே உட்கார்ந்து அளவாகச் சாப்பிட்டாள். அவன் வேலை விஷயமாக வெளியூர் போன நாட்களில், நிழல் சோறு இருக்கட்டும், அவள் அடுப்பையே மூட்டியதில்லை என்பதை, அவளை எரித்துவிட்டு வந்த மாலை, பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் மோரியோ தெரிந்துகொண்டான்.